பதினோராவது ஆள்

சென்னையில் இன்றைய தேதிக்கு மிக அதிகமான பேர் தினமும் படிக்கிற தமிழ் வாசகம் எது? திருக்குறள் என்பீர்கள். பஸ்ஸில் எழுதியிருந்தாலும் அதற்குக் கீழே உட்காரத்தான் அடித்துக்கொள்கிறோமே தவிர யார் படிக்கிறார்கள்? 'பணி நடைபெறுகிறது. மாற்றுப் பாதையில் செல்லவும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.' இதுதான் ஸார், நம்பர் ஒன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, நிறுத்தி நிதானமாகப் படிக்கிறோம். வேறு வழி? வண்டி நகர்ந்தால்தானே.

வருந்துவது யார் என்று போர்டில் இருக்காது. பன்மையில் இருப்பதால் நிறையப் பேர் கூடி வருந்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மாற்றுப் பாதை எது, எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் அவரவர் சாமர்த்தியம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெட்ரோ கட்சி. 2009-ல் வேலையை ஆரம்பித்தபோது 'இதெல்லாம் நம்ம ஊருக்கு நடக்குமா' என்றவர்கள், 2015 ஜூன் 29-ம் தேதி கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு முதல் ரயில் விட்டதும் குடும்பத்தோடு போய் ஏ.ஸி. வாங்கிக்கொண்டு வந்தார்கள். 2021-ல் விம்கோ நகர் வரை போய்ச் சேர்ந்தபோது மொத்தம் சுமார் 54 கிலோமீட்டர். இரண்டாவது கட்டம் 118.9 கிலோமீட்டர். மாதவரம் டு சிப்காட், கலங்கரை விளக்கம் டு பூந்தமல்லி, மாதவரம் டு சோழிங்கநல்லூர் என்று மூன்று வழித்தடம். முன்னால் போட்டதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்! கல்யாணம் என்றால் பந்தல் போடத் தெருவை அடைக்கத்தான் வேண்டும். பந்தக்கால் நட்டவனிடம் சண்டைக்குப் போவது நியாயமில்லை.

இதில் ஒரு வேடிக்கை. பூமிக்கு அடியில் சுரங்கம் தோண்டும் ராட்சச இயந்திரங்களால் நமக்குப் பெரும்பாலும் தொந்தரவே கிடையாது. நீலகிரி, ஃபிளமிங்கோ, பெலிகன் என்று செல்லப் பெயர் வைத்துக்கொண்டு, அவை பாட்டுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கும். தொந்தரவு ஸ்டேஷனில்தான். அதை மேலிருந்து தோண்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஆழமாக கான்கிரீட் சுவர் இறக்கி, நடுவே உள்ள மண்ணையெல்லாம் அள்ளி, பெரிய பெட்டி மாதிரி கட்ட வேண்டும். நூறு மீட்டருக்கு மேல் நீளமான பெட்டி. ரோட்டில் பாதி அதற்கே போய்விடும்.

மேலே தூணில் ஓடுகிற ரயிலென்றால் ரோட்டின் நட்டநடுவில் தூண். தூணுக்கு அஸ்திவாரம் போட ஒரு மெஷின், அது நிற்க இடம், சுற்றிலும் தகரம். ஆற்காடு ரோட்டில் ஆழ்வார்திருநகரிலிருந்து ஆலப்பாக்கம் வரை சுமார் நாலு கிலோமீட்டருக்கு இரண்டு வழித்தடங்களை ஒரே தூண் வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். ரயிலை அடுக்க முடிகிறது. பைக்கையும் காரையும் அப்படி அடுக்க முடியாததுதான் நம் பிரச்னை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள், ஐந்தாங்கிளாஸ் கணக்குதான்.

தகரம் அடைத்தது போக மிச்சமிருக்கிற ஒற்றைப் பாதையில் மணிக்கு 1,000 வண்டி போக முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருவது 1,100. நூறுதான் அதிகம், என்ன பெரிய விஷயம்? ஒரு மணி நேரத்தில் நூறு வண்டி தேங்கி நிற்கும். வண்டிக்கு ஆறு மீட்டர் என்றால் 600 மீட்டர். எட்டரையிலிருந்து பத்தரை வரை இதே கதை என்றால் 1.2 கிலோமீட்டர் வரிசை. கடைசியில் நிற்பவருக்கு மட்டும் பன்னிரண்டு நிமிஷம் காலி. அந்த வால் பின்னால் இருக்கிற சிக்னலை அடைக்கும். அங்கே குறுக்கே போகிறவனும் மாட்டிக்கொள்வான். அவனுக்கு மெட்ரோவும் வேண்டாம், இந்த ரோடும் வேண்டாம், பாவம்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அந்த 1,100-ல் நூறு பேர் மட்டும் வராமல் இருந்தால்? வரிசையே கிடையாது! பாதிப் பேர் வீட்டில் உட்கார வேண்டாம். பதினோரு பேரில் ஒருத்தர். கிரிக்கெட் டீமில் ஒரே ஒரு ஆள் ஆடாமல் இருந்தால் போதும், ஆட்டம் நடக்கும்.

'அதெல்லாம் பேப்பரில் சரி. ரோட்டை அடைத்தால் பக்கத்துத் தெருவில் புகுவானே தவிர எவன் வராமல் இருப்பான்?' என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் ஃபில் குட்வின் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் இதைத்தான் ஆராய்ந்து 1998-ல் வெளியிட்டார்கள். 2002-ல் இன்னும் விரிவாக, 11 நாடுகளில் 70 இடங்கள். பாலம் ரிப்பேர், நிலநடுக்கம், கடைத்தெருவில் நடக்கிறவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியது... ஏதோ ஒரு காரணத்தால் ரோடு சுருங்கிப்போன இடங்கள். பாதி இடங்களில் 11 சதவிகிதத்துக்கு மேல் வண்டிகள் காணாமல் போயிருந்தன. பக்கத்துத் தெருக்களில் தேடியும் அகப்படவில்லை! சிலர் நேரத்தை மாற்றினார்கள், சிலர் பஸ்ஸுக்கு மாறினார்கள், சிலர் இரண்டு வேலையை ஒரே நடையில் முடித்தார்கள். ஆக, பதினோராவது ஆள் நிஜமாகவே இருக்கிறார்.

அவரை எப்படிப் பிடிப்பது? லாஸ் ஏஞ்சலஸில் பிடித்துக் காட்டினார்கள். 2011 ஜூலையில் ஒரு பாலத்தின் பாதியை இடிப்பதற்காக, அந்த ஊரின் முக்கியமான 405-ம் நம்பர் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியை ஒரு வாரக் கடைசி முழுக்க மூடினார்கள். காரை விட்டு இறங்கினால் கால் இருப்பதே மறந்துபோய்விடும் ஊர் அது. பத்திரிகைகளெல்லாம் 'பிரளயம்' என்று எழுதின. வாரக்கணக்காக டி.வி., ரேடியோ, ரோட்டோர எலெக்ட்ரிக் போர்டு எல்லாவற்றிலும் ஒரே பல்லவி: 'இந்தத் தேதி, இத்தனை மணி முதல், இத்தனை மணி வரை. வராதே!' ஒரு விமான கம்பெனி பர்பேங்கிலிருந்து லாங் பீச்சுக்கு நாலு டாலருக்கு ஃப்ளைட் விட்டது. அதோடு போட்டி போட்டு சைக்கிளில் கிளம்பினார்கள் சில இளவட்டங்கள். வீட்டிலிருந்து ஏர்போர்ட்டுக்குப் போய், செக்-இன் பண்ணி, பறந்து, இறங்கி வருவதற்குள் சைக்கிள் கோஷ்டி போய்ச் சேர்ந்துவிட்டது! பிரளயம்? அன்றைக்கு ரோடெல்லாம் காலி. வேலையும் சொன்ன நேரத்துக்குப் பல மணி நேரம் முன்னாலேயே முடிந்தது.

இரண்டு நாளைக்கு யாரும் வீட்டில் இருப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு இருப்பார்களா? மாட்டார்கள். அதனால்தான் நம்ம ஊர் விஷயத்தில் தேதி சொல்வது மட்டும் போதாது. பதினோராவது ஆள் போவதற்கு வேறு ஒரு வழி, அதுவும் தினமும் போகிற மாதிரி, இருந்தாக வேண்டும். பஸ்ஸும் நடைபாதையும்தான் அந்த வழி.

இதற்கு ரூல் இல்லாமலில்லை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2014-ல் திருத்தி வெளியிட்ட புத்தகத்தில், வேலை நடக்கும் ரோட்டை நாலு பகுதியாகப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முன்கூட்டியே எச்சரிக்கிற தூரம், மெல்ல ஒதுங்குகிற தூரம், வேலை நடக்கிற இடம், பழையபடி விரிகிற தூரம். நடக்கிறவர்களுக்குப் பத்திரமான வழி விடவேண்டும் என்பதும் உண்டு. பல இடங்களில் இந்த நாலையும் ஒன்றாகச் சுருக்கி, தகரத்துக்கு மூக்கு நுனியில் போர்டு வைத்துவிடுகிறார்கள். எச்சரிக்கையைப் படித்து முடிக்கிறபோது எச்சரித்த சமாச்சாரத்தின் மேலேயே இருப்போம்.

போன மாதம் அப்படி ஓர் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். எந்த ரோடு, யாருடைய வேலை என்பது வேண்டாம். நடைபாதையைத் தகரம் தின்றுவிட்டது. பஸ் ஸ்டாப்பைத் தள்ளி வைத்துவிட்டார்கள்; எங்கே என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா, தோளில் ஆபீஸ் பை, ரோட்டிலேயே நடந்து வந்தார். பின்னால் தண்ணி லாரி ஹார்ன் அடித்தபடி.

"தம்பி, பஸ் எங்க நிக்குது இப்போ?"

"தெரியலீங்கம்மா, சர்ச்சுக்கிட்டன்னு சொல்றாங்க."

"நேத்து பெட்ரோல் பங்க்குனாங்களே!" என்றார். கோபம்கூட இல்லை. "மூணு நாளா ஷேர் ஆட்டோதான். ரோட்ல நடந்து லாரிக்குக் கீழ போகாத, லோன் போட்டு ஸ்கூட்டி வாங்கித் தர்றேங்கறான் என் பையன்."

எனக்கு அந்த 1,100 கணக்குதான் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷமும் ஒரு வண்டிகூட ரோட்டுக்குக் கொண்டுவராமல் பதினோராவது ஆளாகவே இருந்தவர் இவர். இவரை நாமே பிடித்துத் தள்ளி, ஸ்கூட்டி கொடுத்து, வரிசையில் நிற்க வைக்கிறோம். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே வேண்டாம் என்று 2021-ல் சொன்னார்கள். நல்ல காரியம். டிக்கெட் வேண்டாம் சரி, பஸ் எங்கே நிற்கும் என்பதும் வேண்டாமா?

சர்க்கார் வேலைதான் இப்படி என்றில்லை. உங்கள் தெருவில் அபார்ட்மெண்ட் எழும்புகிறதா? ஒரு தளத்துக்கு 300 கன மீட்டர் கான்கிரீட் என்றால், ஆறு கன மீட்டர் கொள்கிற கலவை லாரி ஐம்பது தடவை வர வேண்டும். போக ஒன்று, வர ஒன்று, ஆக நூறு தடவை. ஸ்கூல் ஆட்டோ வருகிற எட்டரை மணிக்கு அது தெருமுனையில் ரிவர்ஸ் எடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதே நூறு நடையைக் கூட்டமில்லாத நேரத்துக்கு மாற்றினால் ஒரு பைசா செலவில்லை. 'இன்ன தேதி, இன்ன நேரம்' என்று ஒருநாள் முன்பு தெருவுக்குச் சொன்னால் பாதிச் சண்டையும் இல்லை.

நம் பங்குக்கும் கொஞ்சம். தகரம் விட்டுவைத்த அரையடி நடைபாதையில் பைக்கை ஏற்றுகிறோமே, ஸ்கூட்டி வாங்கச் சொல்லி அந்த அம்மாவைத் துரத்துகிறவர்களில் நாமும் உண்டு. ஆபீஸில் அதிகாரம் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒன்பதரைக்கு எல்லாரும் கைரேகை வைத்தாக வேண்டும் என்ற சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பதினோரு பேரில் ஒருத்தரைப் பத்தரைக்கு வரச் சொன்னால் கம்பெனி முழுகிவிடாது.

டீமில் பதினோராவது ஆள் பெஞ்சில் உட்கார்ந்தால் மீதிப் பத்துப் பேர் ஆடலாம். உட்கார அவர் தயார். பெஞ்சைப் போட்டு வையுங்கள் ஸார், பஸ் ஸ்டாப்பில்.