கழற்றக்கூடிய கிளிப் வேண்டும்

மழையில் நிற்கும் மோட்டார் காரின் கதவுக்குள் தண்ணீர் புகுவதே இல்லை என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். கண்ணாடி ஏறி இறங்குவதற்காக விடப்பட்டிருக்கும் இடுக்கின் வழியாக, ரப்பர் பீடிங் எவ்வளவு நெருக்கமாக அமைந்திருந்தாலும், ஓரளவு நீர் கதவின் உட்புறத்துக்குள் இறங்கத்தான் செய்கிறது. அவ்வாறு இறங்கும் நீர் வெளித் தகட்டுக்கும் உள் தகட்டுக்கும் இடையே வழிந்து, கதவின் அடியில் இதற்கென்றே போடப்பட்டுள்ள வடிகால் துளைகளின் வழியாகத் தெருவில் விழுகிறது. ஆகவே கதவின் ஒரு பாதி நனைவதற்கென்றே அமைக்கப்பட்டது. நாம் கை வைத்துக்கொள்ளும் மறு பாதி எக்காலத்திலும் உலர்ந்தே இருக்க வேண்டியது. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள எஃகுத் தகடும் அதன்மேல் ஒட்டப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் திரையும்தாம். பட்டறைக்காரர்கள் டோர் பேட் என்று சொல்லும் உட்பலகையைப் பொருத்துவதற்காக அந்தத் தகட்டில் வரிசையாகத் துளைகள் போடுகிறார்கள். ஒவ்வொரு துளையும் ஈரம் உலர்ந்த பக்கத்துக்கு வருவதற்கு ஒரு வழி. பலகையைத் தாங்கிப் பிடிப்பதோடு அந்த வழியை அடைத்தும் வைக்கும் பொறுப்பு, விரல் நுனியளவே உள்ள ஒரு கிளிப்பிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டு பாகங்களை இணைப்பதும், இணைத்த இடத்தில் நீரும் காற்றும் தூசியும் புகாமல் காப்பதுமாகிய இரு காரியங்களையும் ஒருங்கே செய்யும் இந்தச் சிறு சாதனத்தை உருவாக்கும் பொறியாளர்கள், தொழிற்சாலையில் அது பொருத்தப்படும் அந்த ஒரு கணத்தைக் குறித்துக் காட்டும் சிரத்தையில் பாதியையேனும், பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மெக்கானிக் அதைக் கழற்ற நேரும் வேளையைக் குறித்தும் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். கழற்றுவதற்கு வகை செய்யாத அடைப்பு முதல் ரிப்பேரோடு பயனற்றுப் போகிறது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் பழுதானாலும், ஸ்பீக்கர் கெட்டாலும், பூட்டு சிக்கிக்கொண்டாலும் டோர் பேட்டைப் பெயர்த்தே ஆக வேண்டும். ஒரு காரின் ஆயுளில் இது நேராமல் இருப்பது அரிது. பெயர்க்கும்போது கிளிப்பின் கால் ஒடிகிறது; அல்லது கால் தப்பித்து ரப்பர் கிழிகிறது. ஒடிந்த கால் உடனே தெரிந்துவிடும். பலகை ஆடும், சத்தம் எழும். கிழிந்த ரப்பரோ அடுத்த ஐப்பசி மழை வரையில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. அப்போது தரை விரிப்பு நனையும், வண்டிக்குள் பூஞ்சை நாற்றம் எழும், ஒயர்களின் இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு படரும். காரணத்தைத் தேடுகிறவர் கூரையையும் முன் கண்ணாடியையும் சந்தேகிப்பாரே ஒழிய, கதவுக்குள் மறைந்திருக்கும் கிளிப்பின் நினைவு அவருக்கு எளிதில் வராது.

அந்தக் கிளிப்பைக் கையில் எடுத்து நிதானமாகப் பார்த்தால், அதில் அடங்கியிருக்கும் அறிவு யாருக்கும் வியப்பளிக்கும். தலை, கழுத்து, கால்கள், தலைக்குக் கீழே வட்டமாக விரியும் மெல்லிய ரப்பர் விளிம்பு, இவ்வளவுதான் உறுப்புகள். துளைக்குள் அழுத்தும்போது கால்கள் உட்புறமாக வளைந்து, துளையைக் கடந்ததும் விரிந்து, தகட்டின் பின்புறத்தைப் பற்றிக்கொள்கின்றன. அதே கணத்தில் ரப்பர் விளிம்பு தகட்டின் முன்புறத்தில் நசுங்கிப் படிகிறது. உள்ளே நுழையும் முகத்தின் சாய்வு மென்மையாகவும், இழுக்கும்போது எதிர்க்கும் முகத்தின் சாய்வு செங்குத்தாகவும் அமைந்தால், கட்டைவிரலின் அழுத்தத்துக்கே இசைந்து உட்செல்லும் கிளிப், அதைவிடப் பன்மடங்கு வலிய இழுப்புக்கும் அசைந்து கொடுக்காது. ஒரே அசைவை நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் செய்யும் தொழிலாளியின் விரல் மூட்டு கெடாமலிருக்க வேண்டும் என்ற கருணையும் இந்த வடிவத்துக்குள் இருக்கிறது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். கால் வளையும்போது அதற்குள் உண்டாகும் திரிபு, காலின் தடிப்புக்கு நேர் விகிதத்திலும் நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்திலும் அமையும் என்பது பொறியியல் மாணவர் அறிந்த கணக்கு. காலை இருமடங்கு நீட்டினால் அதே வளைவுக்குத் திரிபு நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. கால் முளைக்கும் மூலையைக் கூராக விட்டுவிடாமல், தடிப்பில் பாதியளவு ஆரமுள்ள வளைவாகக் கொடுத்தால், அங்கே தகைவு குவிந்து விரிசல் காணும் அபாயம் பெரிதும் தணிகிறது. பொருத்துவதற்கு அனுகூலமான இவ்விரண்டு விதிகளே கழற்றுவதற்கும் அனுகூலமானவை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

பதார்த்தத்தின் குணமும் இதில் சேருகிறது. அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் 1935-இல் வாலஸ் கரோதர்ஸ் என்னும் ரசாயன மேதை உருவாக்கிய நைலானே இன்றும் இத்தகைய கிளிப்புகள் பலவற்றின் மூலப்பொருள். ஈரத்தை உறிஞ்சுவது அதன் சுபாவம். நைலான் 66 நீரில் ஊறி நிறைவுறும்போது தன் எடையில் 8 சதவீதத்துக்கும் மேலாக நீரை ஏற்கும். சாதாரணக் காற்றிலுள்ள ஈரப்பதத்திலிருந்தே ஏறத்தாழ 2.5 சதவீதம் வாங்கிக்கொள்ளும். மோல்டிலிருந்து வந்த சூட்டோடு உலர்ந்திருக்கும் நைலான் எளிதில் ஒடியும். ஈரம் ஏறியபின் அது இளகி உரம் பெறும், ஆனால் சிறிது பருத்து விறைப்பையும் இழக்கும். ஆகவே வரைபடத்தில் எழுதிய அளவு எந்த ஈரநிலையில் எடுத்த அளவு என்று கேளாத பொறியாளர், தாம் வடிவமைத்ததும் சந்தைக்குப் போவதும் ஒரே கிளிப்தானா என்பதை அறியாமலே கையெழுத்திடுகிறார்.

பிடிப்புக்கும் அடைப்புக்கும் இடையே ஒரு விரோதம் இருக்கிறது. இந்தக் கலையின் கடினமான பகுதி அதுவே. எந்தப் பிளாஸ்டிக்கும் வளைந்த நிலையிலேயே நெடுநாள் வைக்கப்பட்டால் தன் விசையை மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்துவிடும். எனவே காலானது துளையைக் கடந்தபின் வளைவு நீங்கி ஓய்வாக இருக்க வேண்டும் என்று நல்ல வடிவமைப்பு விதி கூறுகிறது. ஆனால் அடைப்போ இடையறாத அழுத்தத்தை நாடுவது. அழுத்தம் தளர்ந்த கணமே நீர் வழி கண்டுவிடும். ஓய்வை நாடும் உறுப்பையும் ஓயாத அழுத்தத்தை நாடும் உறுப்பையும் ஒரே சாதனத்தில் சேர்த்து வைப்பதற்குரிய உபாயம், அழுத்தும் வேலையை ரப்பரின் மீளும் சக்தியிடமே விட்டு, காலை இழுப்புக்கு மட்டும் ஈடுகொடுக்கும்படி அமைப்பதுதான். ரப்பரும் அழியாத பொருளன்று. அதைத் தடிப்பில் கால் பங்கு நசுக்கி, உஷ்ணத்தில் பல மணி நேரம் வைத்து, விடுவித்தபின் எவ்வளவு மீளாமல் நின்றுவிட்டது என்று அளப்பது உலகெங்கும் கைக்கொள்ளப்படும் பரீட்சை. மீளாமல் நின்ற பகுதி எவ்வளவோ, அவ்வளவு அடைப்பு செத்துப்போயிற்று என்று பொருள்.

அடைப்பின் தவறு என்று சொல்லப்படுவது பல சமயங்களில் இணைப்பின் தவறாகவே இருக்கும் என்பதற்கு, 1986 ஜனவரி 28-ஆம் தேதி ஏழு பேரோடு வானில் சிதறிய சாலஞ்சர் விண்கலத்தைவிட வேதனையான சாட்சி வேறில்லை. திண்ம எரிபொருள் ராக்கெட்டின் இரு பகுதிகள் சேரும் இடத்தில் ரப்பர் ஓ-ரிங்குகள் வைக்கப்பட்டிருந்தன. எரியும் வாயுவின் அழுத்தத்தில் அந்த இணைப்பு சிறிதே விரிந்துகொடுக்க, உறைநிலையை ஒட்டிய குளிரில் விறைத்துப்போயிருந்த வளையத்தால் விரிந்த இடைவெளியைப் பின்தொடர்ந்து நிரப்ப முடியவில்லை. விசாரணைக் குழுவில் இருந்த பௌதிக அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன், பிப்ரவரி 11-ஆம் தேதி, அந்த ரப்பரின் ஒரு துண்டைக் கிளாம்பினால் நசுக்கிப் பனிநீரில் இட்டு, எடுத்து விடுவித்து, அது உடனே மீளாததை எல்லோருக்கும் முன் காட்டினார். ரப்பரைப் பற்றிய அந்தச் செயல்விளக்கம் உலகின் நினைவில் நின்றது. ஆனால் குழுவின் தீர்ப்போ இணைப்பின் வடிவமே பிழையானது என்பது. கதவுக் கிளிப்பில் உயிர்கள் போவதில்லை என்பது உண்மையே. ஆயினும் அசையும் இணைப்பில் அசையாத அடைப்பை எதிர்பார்க்கக்கூடாது என்ற தத்துவம் ராக்கெட்டுக்கும் காருக்கும் ஒன்றுதான்.

காரின் கதவும் அசைவது. வெயிலில் நிற்கும் வண்டியில் 50 டிகிரி உஷ்ணம் கூடும்போது, ஒரு மீட்டர் நீளமுள்ள பாலிப்ரொப்பிலீன் பலகை சுமார் 5 மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள எஃகுத் தகடு 0.6 மில்லிமீட்டர்தான் நீளும். எல்லாக் கிளிப்புகளையும் இறுக்கமான வட்டத் துளைகளில் நிறுத்தினால் இந்த வேறுபாடு முழுவதையும் கால்களே தாங்க நேர்ந்து, அவை நாள்தோறும் நலிந்து தேயும். தேர்ந்த பொறியாளர் ஒரு கிளிப்பை மட்டும் நிலையாக வைத்து, மற்றவற்றின் தலைகள் பலகையிலுள்ள நீள்துளைகளில் நகர்ந்துகொள்ளுமாறு விட்டுவிடுகிறார். கிளிப்பும் தகடும் சேரும் இடமோ அசைவதேயில்லை. நகர்தல் ஒரு பக்கத்திலும் அடைப்பு மறு பக்கத்திலுமாகப் பிரிந்து நிற்கும் இந்த ஏற்பாட்டைப் போல என் மனத்துக்கு நிறைவு தரும் வடிவமைப்பு அபூர்வம்.

இவ்வளவு நுட்பம் அறிந்தவர்கள் கழற்றுவதை மட்டும் ஏன் மறந்துவிடுகிறார்கள்? பொருத்தும் செலவு உற்பத்தியாளரின் கணக்கில் ஏறுகிறது, கழற்றும் செலவு வாங்கியவரின் கணக்கில் ஏறுகிறது என்பதைத் தவிர வேறு நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை. பிரிட்டிஷ் கடற்படையில் அதிகாரியாயிருந்த லம்லி ராபின்சன் 1921-இல் காப்புரிமை பெற்ற ஜூபிலி கிளிப்பை இங்கே நினைத்துப் பார்ப்பது தகும். ரப்பர்க் குழாயை உலோகக் குழாயோடு இணைத்து ஒழுகாமல் இறுக்கும் அந்த எஃகுப் பட்டை, ஒரு ஸ்க்ரூ டிரைவரால் இறுகவும் தளரவும் செய்கிறது. நூறாண்டு கடந்தும் அது பட்டறைகளில் வாழ்வதற்குக் காரணம், இறுகுவதில் அதற்குள்ள திறமை மாத்திரமன்று. தளர்த்தி மீண்டும் இறுக்கினாலும் அது முன்போலவே அடைக்கும் என்ற நம்பிக்கையும் ஆகும்.

எளிதில் கழலும் கிளிப் எளிதில் ஒழுகும் என்று ஓர் ஆட்சேபம் கூறப்படுவதுண்டு. அடைப்பின் பலம் ரப்பர் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இழுக்கும் முகத்தைத் தொண்ணூறு டிகிரியில் நிறுத்துவதற்குப் பதில் நாற்பத்தைந்து டிகிரியை ஒட்டிச் சாய்த்து அமைத்தால் கழற்றும் விசை குறையுமே தவிர, காலும் தலையும் சரியான இடைவெளியில் இருக்கும்வரை நசுங்கல் குறையாது. ஓட்டத்தின் அதிர்வுக்குக் கழன்றுவிடாத அளவு விசையும், கருவி கொண்டு நெம்பினால் இசைந்து வரும் அளவு தளர்வும் ஒரே கிளிப்பில் அமைவது சாத்தியமே. ஒரே ஒரு விலக்கை மனமார ஒப்புக்கொள்கிறேன்: பக்கவாட்டு ஏர்பேக் விரியும் இடத்திலுள்ள தூண் மூடிகளின் கிளிப்புகள், ஏர்பேக் வெடித்து விரியும்போது மூடி பறந்து பயணியைத் தாக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டியவை, அவற்றை ஒருமுறை கழற்றினால் புதிதாக மாற்ற வேண்டும் என்று விதிப்பது நியாயம். அந்த நியாயத்தைக் கதவுப் பலகை முழுவதற்கும் நீட்டுவது நியாயமாகாது.

நம் வீட்டுச் சமையலறையில் பிரஷர் குக்கரின் காஸ்கெட் தளர்ந்துவிட்டால், ஊர்க் கடைத்தெருவிலுள்ள பாத்திரக் கடையில் அளவைச் சொல்லிப் புதியதை வாங்கி மாட்டிக்கொள்கிறோம். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய காரின் கிளிப்புக்கு இந்த வசதி இல்லை. உதிரிப்பாகக் கடையில் கிடைப்பது பல சமயங்களில் துளைக்குப் பொருந்தும் பொதுக் கிளிப். அதில் கால் உண்டு, ரப்பர் விளிம்பு இராது. பலகை நன்றாக நிற்பதைக் கண்டு வேலை முடிந்ததென்று மெக்கானிக்கும் உரிமையாளரும் திருப்தியடைகிறார்கள். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-ஆம் தேதி, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கி, மோட்டார் வாகனங்களையும் அதன் எல்லைக்குள் கொண்டுவந்தது வரவேற்கத்தக்க முயற்சி. அந்த உரிமை எஞ்சினோடும் மின்னணுப் பெட்டிகளோடும் நின்றுவிடாமல் இந்தச் சிறு பாகம் வரையில் இறங்கி வர வேண்டும். அடைப்புள்ள ஒவ்வொரு கிளிப்பும் தனி எண்ணோடு, தனியாக விற்கப்பட வேண்டும். அதை மறுபடி பயன்படுத்தலாமா, எத்தனை முறை பயன்படுத்தலாம், எந்த இடத்தில் நெம்ப வேண்டும் என்பன எல்லாப் பட்டறைகளுக்கும் கிடைக்கும் கையேட்டில் எழுதப்பட வேண்டும். எது ஒடிந்தாலும் விலை குறைந்த கிளிப்பே ஒடியும்படியும், பலகையின் அடியில் கிளிப்பைத் தாங்கும் கூடு ஒருபோதும் உடையாதபடியும் பலங்கள் நிர்ணயிக்கப்பட வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கார்கள் பெருமளவில் தயாராகின்றன. அவற்றுக்குரிய பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் ஆலைகளும், அவற்றை வரையும் இளம் பொறியாளர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் இந்த வண்டிகள் எப்படி நனைகின்றன என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. எஃகில் மோல்டு வெட்டியபின் ஒரு சாய்வை மாற்றுவதற்குப் பெரும் பணமும் பல வாரங்களும் ஆகும். வரைபடமாக இருக்கும்போது அதை மாற்றுவதற்கு ஒரு பிற்பகல் போதும். ஆகையால் வரைபடம் கையெழுத்தாவதற்கு முன்பே, டோர் பேட்டைக் கழற்றிப் பழகிய ஒரு மெக்கானிக்கை அழைத்து, மாதிரிக் கதவொன்றை அவர் முன் வைத்து, கழற்றி மாட்டச் சொல்லி, பின்பு அந்தக் கதவின்மேல் நீரைப் பாய்ச்சிப் பார்க்கும் வழக்கத்தை இங்குள்ள ஆலைகள் மேற்கொள்ள வேண்டும்; அந்தப் பரீட்சையில் உலர்ந்து நிற்கும் கிளிப்புக்கு மட்டுமே மோல்டு வெட்ட வேண்டும்.