13 போட்டியிலும் வெற்றி, ஆனாலும் வெளியே! அமெரிக்க கல்லூரி ஃபுட்பாலில் தரவரிசை எப்படி போடுறாங்க?

2023 டிசம்பர் 3. புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணி அந்த சீசனில் ஆடிய 13 போட்டிகளிலும் ஜெயித்திருந்தது. தன் பிரிவான ஏசிசி-யின் சாம்பியனும் அதுதான். ஆனால் தேசிய பட்டத்துக்கான பிளேஆஃப் பட்டியல் வந்தபோது கிடைத்தது 5-வது இடம். உள்ளே போவது 4 அணிகள் மட்டுமே. அந்த 4-வது இடம், ஒரு போட்டியில் தோற்றிருந்த அலபாமாவுக்குப் போனது.

எல்லாத்திலும் ஜெயிச்ச அணி வெளியே, தோத்த அணி உள்ளே. இது எப்படி?

ஐபிஎல் மாதிரி வெற்றிக்கு 2 புள்ளி என்ற கணக்கே இங்கு கிடையாது. முதல்நிலைப் பிரிவில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட அணிகள். ஒரு அணி வழக்கமான சீசனில் ஆடுவதோ 12 போட்டிகள்தான். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. அதனால் யார் பெரியவர் என்பதை ஆட்கள் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்.

யார் ஓட்டு போடுறாங்க?

இதில் பழையது 1936-ல் தொடங்கிய ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசை. விளையாட்டு செய்தியாளர்கள் வாரந்தோறும் 25 அணிகளை வரிசைப்படுத்துவார்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, கடைசி இடத்துக்கு 1 புள்ளி. பயிற்சியாளர்களுக்கும் தனியாக ஒரு பட்டியல் உண்டு. ஆனால் பிளேஆஃப் வாய்ப்பைத் தீர்மானிப்பது இவை இரண்டும் அல்ல, 13 பேர் கொண்ட தேர்வுக் குழு.

சீசன் தொடங்கும் முன்பே ஏபி முதல் பட்டியலை வெளியிட்டுவிடும். ஒரு பந்தைக்கூட தொடாமல் கிடைக்கும் இடம் அது! மேலே தொடங்கும் பெரிய பெயர்களுக்கு இது பெரிய சாதகம்.

ஒரே தோல்வி, வேற வேற சரிவு

2007-ல் 5-வது இடத்தில் இருந்த மிச்சிகன், கீழ்நிலைப் பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34-32 என தோற்றது. மறு பட்டியலில் 25-க்குள்ளேயே அதன் பெயர் இல்லை. 2024 செப்டம்பரில் 5-வது இடத்தில் இருந்த நோட்டர் டேம், நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என வீழ்ந்து 18-வது இடத்துக்குப் போனது. அடுத்த மாதமே, முதலிடத்தில் இருந்த அலபாமா, பட்டியலிலேயே இல்லாத வாண்டர்பில்ட்டிடம் 40-35 என தோற்றது. சரிந்தது 7-வது இடத்துக்கு மட்டும்தான். பெயருக்குன்னு ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்யுது.

எப்போது தோற்கிறோம் என்பதும் முக்கியம். செப்டம்பரில் விழுந்த நோட்டர் டேமுக்கு எழுந்திருக்க நேரம் இருந்தது. அந்த சீசனில் இறுதிப்போட்டி வரை போனது. 2023-ல் ஜார்ஜியாவுக்கு அந்த நேரம் இல்லை. டிசம்பர் 2-ல் பிரிவு இறுதிப்போட்டியில் அலபாமாவிடம் 27-24 என தோற்று, மறுநாளே முதலிடத்தில் இருந்து 6-வது இடத்துக்கு இறங்கியது. அலபாமாவை மேலே தூக்கியதும் அதே வெற்றிதான்.

புளோரிடா ஸ்டேட்டுக்கு வினையானது தோல்வி அல்ல, காயம். அதன் குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் காலில் அடிபட்டு வெளியேறினார். அவர் இல்லாமல் இது பழைய அணி இல்லை என்று குழு கருதியது. பின்னர் ஆரஞ்ச் பவுலில் ஜார்ஜியாவிடம் 63-3 என நொறுங்கியபோது, "பார்த்தீங்களா" என்றவர்கள் உண்டு. ஆனால் அன்று அந்த அணியின் முக்கிய வீரர்கள் பலர் களமிறங்கவே இல்லை. அதை வைத்து குழு செய்தது சரி என்று சொல்லிவிட முடியாது.

12 அணி வந்தும் தீரலையே

2024 முதல் பிளேஆஃபில் 12 அணிகள். சண்டை நின்றதா? 4-வது இடத்துக்கு நடந்தது இப்போது கடைசி சில இடங்களுக்கு நடக்கிறது. 2025 டிசம்பரில் கடைசி வாரம் மயாமியும் ஆடவில்லை, நோட்டர் டேமும் ஆடவில்லை. ஆனாலும் அதுவரை பின்னால் இருந்த மயாமி 10-வது இடத்துக்கு ஏறி உள்ளே போனது. சீசன் தொடக்கத்தில் நேருக்கு நேர் மோதியபோது 27-24 என ஜெயித்தது மயாமிதான். 11-வது இடத்தில் நின்றுபோன நோட்டர் டேம், வேறு எந்த பவுல் போட்டியிலும் ஆட மாட்டோம் என்று அறிவித்துவிட்டது.