பதினேழாம் நாள்



துக்கத்துக்கு நம் வீடுகளில் ஒரு நாள் கணக்கு உண்டு. பால் தெளிப்பு, பதினாறாம் நாள் காரியம், பிறகு வருஷத் திவசம். அழ வேண்டியவர்களை அழவிட்டு, அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சோறு கொண்டுவந்து, இரவில் தனியே படுக்க விடாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அதை உண்டாக்கியவர்கள் மனசை அறிந்தவர்கள். எனக்குக் கவலையெல்லாம் பதினேழாம் நாளைப் பற்றி.

அண்மையில் குப்பனூர் போயிருந்தேன். அயோத்தியாப்பட்டணம் தாண்டி, சேர்வராயன் மலையின் அடியில் இருக்கும் ஊர். கோரிமேடு வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதுதான் எல்லோருக்கும் தெரிந்த ஏற்காட்டுப் பாதை. குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏறும் பாதை இன்னொன்று. அங்கே என் அத்தை இருக்கிறார். மாமா தவறி வருஷம் ஆகப்போகிறது.

“கருமாதி வரைக்கும் வீடு கொள்ளாத கூட்டம் கண்ணு. அடுத்த நாள் காலைல எந்திரிச்சா பாயெல்லாம் சுருட்டி வெச்சிருக்கு, ஒருத்தரும் இல்லை. அன்னைக்குத்தான் அவரு போயிட்டாருன்னே எனக்கு உறைச்சுது” என்றார்.

அந்த வாரமே அலைச்சலும் தொடங்கியிருக்கிறது. இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். சான்றிதழ் வந்த பிறகு வாரிசுச் சான்றிதழ். அதற்கு இ-சேவை மையத்தில் மனு, அப்புறம் விசாரணை. பிறகு வங்கிக் கணக்கு, மின் இணைப்பு, காஸ், ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம். எல்லாம் வேண்டிய விதிகள்தாம். ஆனால் ஒவ்வொரு மேஜைக்கு முன்னாலும் “அவரு இறந்துட்டாருங்க” என்று அத்தை தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. மாமாவின் ஆதார் நகலில் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம். அதில் ஒரு பிரதியை எனக்குக் காட்டினார். படத்தில் பேனா பட்டுவிடக் கூடாது என்று, தாளின் கீழ் ஓரத்தில் எழுத்துகளை நெருக்கி நெருக்கிப் போட்டிருந்தார்.

“நடந்ததை மறந்துட்டு ஆக வேண்டியதைப் பாரு” என்று பலரும் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கஷ்டத்தைப் பார்க்கப் பொறுக்காமல் சொன்னவர்கள்தான். இருந்தாலும், துக்கத்தில் இருப்பவரை அவசரப்படுத்தும் இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை.

அத்தை இளவயதில் மலைமேல் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்த பயிர் அது. செடி முதிர்ந்து காய்ப்பு ஓய்ந்துபோனால், தண்டைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை பூசிவிடுவார்கள். பிறகு துளிர்கள் கும்பலாகக் கிளம்பும். திடமான ஒன்றிரண்டை விட்டு மற்றவற்றைக் கிள்ளி எறிய வேண்டும். மறுபடி காய் பார்க்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். “காய்க்கலைன்னு அதுக்குக் களை எடுக்காம விடுவோமா? காய்க்கிற செடியைவிட அதைத்தான் நல்லாப் பார்த்துக்கணும்” என்றார். ஒன்றும் தராத அந்த வருஷங்களிலும் ஆள் விட்டு, கூலி கொடுத்துச் செடியைக் காப்பாற்றுகிறது தோட்டம். மனுஷருக்கு நாம் கொடுப்பது பதினாறு நாள்.

அதுகூடச் சாவுக்கு மட்டும்தான். மணமுறிவுக்கு ஒரு சடங்கும் இல்லை. வேலை போனவரிடம் யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. ஊரே கலங்கும் சாவுகளுக்கும் நாம் கொடுக்கும் நாள் குறைவுதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. செய்திகள் சில நாளில் ஓய்ந்துவிட்டன. பறிகொடுத்தவர்களுக்கு அப்படி ஓயுமா?

இப்போது அத்தை வங்கிக்குத் தனியாகப் போய்வருகிறார். தீவனக் கடைக்காரரிடம் தானே கணக்குப் பேசுகிறார். நான் போயிருந்த அன்று போனில் யாரோ மாட்டை விலைக்குக் கேட்டபோது, “அவரைக் கேட்டுச் சொல்றேன்” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, ஒரு நொடி நிறுத்தி, “இல்லைங்க, கொடுக்கிறதா இல்லை” என்று தானே முடித்தார். அவர் தேறிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். மறந்திருந்தால் அந்த முதல் வாக்கியம் வந்திருக்காது.

அவருக்கு ஒரே ஒரு குறை. தன் மனசு நோகும் என்று பயந்து ஊரில் யாரும் மாமாவின் பேச்சையே எடுப்பதில்லையாம். அன்று சாயங்காலம் வரை நாங்கள் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அழுதார், மாமா சந்தையில் ஏமாந்த கதைகளைச் சொல்லிச் சிரிக்கவும் சிரித்தார்.

உங்கள் தெருவிலும் காரியம் முடிந்து ஆள் கலைந்த வீடு ஒன்று இருக்கும். இந்த வாரம் அங்கே ஒரு நடை போய்வாருங்கள். ஆறுதல் வார்த்தை எதுவும் தேட வேண்டாம். அங்கே இருப்பவரோடு தாலுகா ஆபீசுக்குப் போங்கள். மனுவை நீங்கள் நிரப்புங்கள். மேஜைக்கு முன்னால் சொல்ல வேண்டியதை அவருக்காக நீங்கள் சொல்லுங்கள். வீடு திரும்பியதும், போனவரின் பெயரைச் சொல்லி, அவர் எப்படி இருந்தார் என்று கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்