அடுப்படிப் புகையும் அயல்நாட்டுப் புகையும்

நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. நெருப்பு ஓரிடத்திலும் புகை வேறோரிடத்திலும் இருத்தல் கூடும் என்பதை 2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் இலங்கையர்க்கு உணர்த்திற்று. அம்மாதம் 8ஆந் திகதி கொழும்பு முதலிய நகரங்களின் வானம் சாம்பல் நிறம் பூண்டது. வங்கக் கடலில் மையங்கொண்டிருந்த ‘மாண்டஸ்’ புயலை ஒட்டி வீசிய காற்று, இந்தியப் பெருநிலத்தின் மாசினை இங்கே கொணர்ந்தது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விளக்கிற்று. மறுநாள் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன.

அந்நாளில் நான் கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டைக்கு அண்மையில், ஓர் இறப்பர்த் தோட்டத்து லயத்தில், என் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். வெளிக்காற்று கெட்டுவிட்டதாம், பிள்ளைகளை வீட்டினுள்ளே வைத்திருப்பது நன்றாம் என்று செய்தியைப் படித்துச் சொன்னேன். ஈர விறகை ஊதிக்கொண்டிருந்த தங்கை கண்ணைத் துடைத்தவாறே, “வெளியே வந்தாத்தானே அண்ணே எங்களுக்கு மூச்சே வருது” என்றாள். அச்சொல் என்னைச் சிந்திக்க வைத்தது.

புகையின் கொடுமை அதன் துணிக்கைகளின் நுண்மையிலே உள்ளது. 2.5 மைக்கிரோமீற்றர் குறுக்களவினதோ அதனினும் சிறியதோ ஆன துணிக்கை, தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே. அது நுரையீரலின் சிற்றறை வரை சென்று இரத்தத்திலும் கலக்க வல்லது. ஒரு கனமீற்றர் காற்றில் இத்தகைய துணிக்கைகள் நாளொன்றின் சராசரியாக 15 மைக்கிரோகிராமை மிஞ்சலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் விதித்த அளவு. நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு விதியோ 50 வரை இடந்தருகிறது.

சப்பிரகமுவையின் பெருமழை ஆண்டின் பெரும்பகுதியில் வானத்தைக் கழுவிவிடும். மழை குறையும் தை, மாசி மாதங்களில் அத்துணை இல்லை. தெளிந்த இரவுகளில் குளிர்காற்று பள்ளத்தாக்கிலே தேங்க, மேலுள்ள இளஞ்சூட்டுக் காற்று அதற்கு மூடியாகிவிடும். அடுப்புப் புகையும் சருகெரித்த புகையும் அம்மூடியின் கீழே அடங்கிக் கிடக்கும். வடகீழ்ப் பருவக்காற்று தொலைதூரப் புகையையும் அதனோடு சேர்க்கும்.

அத்தொலைதூரப் புகை எங்கே பிறந்தது? ஐப்பசி, கார்த்திகையில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல்லறுத்த தாளுக்குத் தீயிடுதல் யாவரும் அறிந்தது. ஆலைகளுக்கும் வாகனங்களுக்கும் பங்குண்டு. ஆயினும் 2009இல் வெளியான ஓர் ஆய்வு மேலும் ஓர் உண்மையைக் காட்டிற்று. நிலக்கரியிலும் பெற்றோலியத்திலும் கதிரியக்கக் கரி எஞ்சியிராது. அண்மையில் உயிரோடிருந்த மரத்திலும் வைக்கோலிலும் அது உண்டு. இவ்வேறுபாட்டைக் கொண்டு, மாலைதீவிலும் மேற்கிந்தியாவிலும் திரட்டிய குளிர்காலத் துணிக்கைகளைச் சோதித்தார்கள். கரிசார்ந்த துணிக்கைகளில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு விறகு, பயிர்க்கழிவு, வரட்டி போன்றவற்றை எரித்ததனால் எழுந்தவை என்று தெரிந்தது. அயல்நாட்டுப் புகையென்று நாம் அஞ்சியதிலும் ஏழைகளின் அடுப்படி இருந்தது!

ஆகவே இவ்விரு புகையும் வேறு வேறல்ல. உலகெங்கும் வீட்டினுள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதற்காக எந்நாட்டிலும் பாடசாலை மூடப்படவில்லை.

உலர்ந்த விறகும் நல்ல அடுப்பும் புகைபோக்கியும் இருந்தால் துயர் குறையும் என்று அறிவுரை கூறுதல் எளிது. ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், தமக்குச் சொந்தமல்லாத சுவரில், புகைபோக்கிக்குத் துளையிடும் உரிமை லயத்தவருக்கு எங்கே? வீட்டுரிமை என்பது வெறும் உறுதிப்பத்திரமன்று. சுத்தமான மூச்சுக்கும் அதுவே வழி. வானத்தை அளக்கும் அறிஞர்கள் தம் கருவியை ஒருநாள் லயத்து அடுப்படியிலும் வைத்து, அது காட்டும் எண்ணை நாட்டுக்குச் சொல்லட்டும். அன்றேனும் என் தங்கையின் சொல் செய்தியாகும்.