மழை பெய்யாத படம்

மருமகன் புது டிவியை மாட்டிய கையோடு, "மாமா, உங்களுக்குப் பிடிச்ச படம் ஒண்ணு சொல்லுங்க" என்றார். 'பேக் டு தி ஃபியூச்சர்' மூன்றாம் பாகம் என்றேன். கன்னிவாடி டூரிங் கொட்டகையில் பதினான்கு வருடம் ஆபரேட்டராக இருந்த மனுஷன் எம்.ஜி.ஆர். படம்தான் கேட்பார் என்று நினைத்திருப்பார் போல.

அந்தப் படத்தை 1992-ல் டெக் வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். நகலுக்கு நகல் எடுத்த கேசட். ரயில் வருவது தெரிந்தது. அதன் உலையில் போடும் கட்டைகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம் பூசியிருப்பது தெரியவில்லை. இப்போது 4கே தரத்தில் கட்டைக்குக் கட்டை புகையின் நிறம் மாறுவதுகூடத் தெரிகிறது.

எனக்கு நெஞ்சில் தைத்தது வேறு இடம். கதாநாயகன் மார்ட்டி 1955-லிருந்து 1885-க்குப் போக வேண்டும். பாலைவனத்தில் ஒரு திறந்தவெளி சினிமா. கால இயந்திரக் காரை முடுக்கி நேரே திரையைப் பார்த்து ஓட்டுகிறான். மணிக்கு 88 மைல் வேகம் வந்ததும் திரை இருந்த இடத்தில் 1885 வந்துவிடுகிறது. எங்கள் கொட்டகையிலும் திரைக்குப் பின்னால் சோளக்காடு, அதற்கப்பால் மலை. ஜெய்சங்கரின் குதிரை எங்கே போச்சு என்று பின்பக்கம் ஓடிப் பார்த்த பையன்களை நானே விரட்டியிருக்கிறேன்.

ஜெய்சங்கர் குதிரை என்றால் இயக்குநர் எம்.கர்ணனின் குதிரை. 'காலம் வெல்லும்' 1970-ல் வந்தது. 'கங்கா', 'ஜக்கம்மா' இரண்டும் 1972-ல். கர்ணன் ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர். குதிரை ஓடுவதை எங்கிருந்து பார்த்தால் ரத்தம் சூடேறும் என்று அவருக்குத் தெரியும். எங்கள் ஊருக்கு 'கங்கா' பெட்டி வரும்போது பிரிண்ட் எத்தனையோ ஊர் சுற்றித் தேய்ந்திருக்கும். திரை முழுக்க மேலிருந்து கீழே கோடு. "ஏப்பா, மழை பெய்யுதுப்பா!" என்று தரை டிக்கெட்டிலிருந்து குரல் வரும். பிலிம் அறுந்தால் கிழிந்த கட்டங்களை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுவேன். ஒவ்வொரு வெட்டிலும் குதிரை ஒரு முழம் தாவிப் போகும். அப்படிப் போனவற்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

மூன்றாம் பாகத்தில் ஒரு கல்லறைப் புகைப்படம் வரும். நடப்பு மாற மாற, கல்லில் இருக்கிற பெயர் மறைந்துபோகும். தேதி மட்டும் நிற்கும். கேசட்டில் அது வெறும் சாம்பல் கறை. இப்போது கல்லின் சொரசொரப்பு தெரிகிறது, பெயர் இருந்த இடம் வெறுமையாக நிற்பதும் தெரிகிறது. ரயில் பள்ளத்தில் விழும்போது அது சிறிய மாதிரி என்பதுகூடக் கொஞ்சம் கண்டுபிடிக்க முடிகிறது. எனக்கு அது குறையாகவே படவில்லை; செய்தவர்களின் கைவேலை அல்லவா அது! பெரிய ரயிலாக நடித்த சியரா 3-ம் எண் இன்ஜின் 1891-ல் செய்தது. கலிபோர்னியாவின் ஜேம்ஸ்டவுனில் அதை இன்னும் ஒரு பூங்காவில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இன்ஜினையே பத்திரப்படுத்துகிற ஊரில் படச்சுருள் பிழைத்ததில் ஆச்சரியம் இல்லை.

நம்மாலும் முடியும். பந்துலுவின் 'கர்ணன்' 1964-ல் வந்த படம். 2012-ல் சுத்தம் செய்து வெளியிட்டபோது கூட்டம் அலைமோதியது. சிங்கீதம் சீனிவாசராவின் கால இயந்திரப் படம் 'ஆதித்யா 369', நாம் 'அபூர்வ சக்தி 369' என்று பார்த்தது, 2025-ல் 4கே-யில் தெலுங்குத் திரையரங்குகளுக்கு வந்தது. ஆனால் புராணப் படத்துக்கும் பெரிய நட்சத்திரங்களுக்கும் கிடைக்கிற இந்தக் கவனிப்பு, டூரிங் கொட்டகைகளை வாழவைத்த கறுப்பு வெள்ளைக் குதிரைப் படங்களுக்கும் கிடைக்க வேண்டும். முதல் தமிழ்ப் பேசும் படமான 1931-ன் 'காளிதாஸ்' படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. அதற்கு அடுத்து 'ஜக்கம்மா' என்று எழுதும் நிலை வரக் கூடாது.

யார் வீட்டுப் பரணில், எந்தக் கிடங்கில் இந்தப் படங்களின் நெகடிவ் கிடந்தாலும், வாரிசுகள் புனேயில் உள்ள தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்திடம் பேசுங்கள். 1964 முதல் அவர்களுக்கு இதுதான் வேலை. தமிழக அரசும் தன் பங்குக்குச் சென்னையில் குளிரூட்டிய கிடங்கு ஒன்றை அமைத்து, செலவையும் ஏற்க வேண்டும். நெகடிவ் இருந்தால் 4கே இன்றைக்கோ நாளைக்கோ வரும். அது போய்விட்டால் எந்த இயந்திரமும் கொண்டுவராது.

வெட்டி எறிந்ததில் ஒரு துண்டை மட்டும் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன். 'கங்கா'வில் ஒன்பது கட்டம், குதிரை முன்னங்கால் தூக்கி நிற்கும். படம் முடிந்த இரவு டப்பாவைத் திறந்தேன். புளித்த காடி நெடி மூக்கில் ஏறியது. சுருள் வில்லாக வளைந்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏழு கட்டத்தில் குதிரை இருந்தது.