ஃபின்ஸ் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க!

பருத்திப்பட்டுல ஏரிதான் இருக்கு, கடல் இல்ல. ஆனாலும் செமஸ்டர் லீவுல பாண்டிச்சேரிக்கு ஸ்கூபா போறவங்க நம்ம காலேஜ்லயும் உண்டு. முதல் டைவ் முடிஞ்ச கையோடு ஆன்லைன்ல ஃபின்ஸ் தேட ஆரம்பிச்சிடறாங்க. நீளமா, விலை அதிகமா இருந்தா நல்லதுனு நினைக்காதீங்க.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்ச நமக்கு இது புரியும். பெரிய தகடு அதிக நீரை மெதுவாகத் தள்ளும், திறன் கூடும். ஆனால் சுமை முழுக்க உங்க கெண்டைக்காலுக்கு. பழகாத கால் பிடிச்சுக்கும், மூச்சு வாங்கும், சிலிண்டர் சீக்கிரம் காலியாகும்.

நடுவே பிளந்த ஸ்ப்ளிட் ஃபின்ஸை உதைப்பது சுலபம். ஆனால் தவளை மாதிரி உதைக்கவும் பின்னால் நகரவும் சரிவராது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைக்கு மேலேயும், கலங்கிய அடிமண்ணுக்கு மேலேயும் தவளை உதைதான் வேணும். அது மண்ணைக் கிளப்பாது, பவளத்தை உடைக்காது. அதனால என் ஓட்டு, நடுத்தர விறைப்புள்ள சாதாரண பேடில் ஃபின்ஸுக்கு.

நம்ம கடல் வெதுவெதுப்பு. படகிலிருந்து குதிக்கிறவங்களுக்குச் செருப்பு மாதிரி காலை முழுசா மூடுறதே போதும். பாறைக்கரையில் நடந்து இறங்குறவங்க மட்டும் பூட்ஸோடு, பின்பக்கம் பட்டை வச்சது வாங்குங்க.

மன்னார் வளைகுடாவில் சங்கு குளிக்கிறவங்க அலுமினியத் தகட்டைக் காலில் கட்டிக்கிட்டே மூழ்கியிருக்காங்க. கால் பழகட்டும். முதல் நாலைந்து டைவ் வாடகை ஃபின்ஸ்லயே போங்க. காசு எங்கேயும் ஓடிடாது.