காதைக் குடைவதை நிறுத்துவோம்

மூவெட் தேர்வுக்கு முதல் நாள் இரவு. மறுநாள் கேட்டல் தேர்வு. காது சுத்தமாக இருந்தால் நன்றாகக் கேட்கும் என்று நினைத்துப் பஞ்சுக் குச்சியை எடுத்துக் குடைந்தேன். சற்று நேரத்தில் வலது காது அடைத்துக்கொண்டது. மறுநாள் ஒலிப்பதிவு ஓடியபோது, இடது காதை ஒலிபெருக்கியின் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கிள்ளானில் ஒரு கிளினிக்கிற்குச் சென்றேன். டாக்டர் பார்த்துவிட்டு, "இது தானாக அடைக்கவில்லையம்மா, நீதான் உள்ளே தள்ளி அடைத்திருக்கிறாய்" என்றார்.

அன்றுதான் செவிக்குழாயைப் பற்றித் தேடிப் படித்தேன். பெரியவர்களுக்கு அதன் நீளம் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர். நேராக இல்லாமல் சற்று வளைந்து சென்று செவிப்பறையில் முடிகிறது. ஒலியைக் கொண்டு செல்வதோடு அதன் வேலை முடிவதில்லை. சுமார் 3,000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலிகளை அது மேலும் வலுவாக்கித் தருகிறது. பேச்சைத் தெளிவாகப் புரிந்துகொள்ள இந்த ஒலிகள் முக்கியமானவை.

நாம் அழுக்கு என்று நினைப்பதும் உண்மையில் அழுக்கு அல்ல. மலாயில் அதை 'தாஹி தெலிங்கா' என்கிறோம். வீட்டில் 'காதழுக்கு' என்கிறோம். தமிழில் அதற்குக் 'குறும்பி' என்றொரு நல்ல பெயர் உண்டு. செவிக்குழாயின் வெளிப்பகுதியில் மட்டுமே குறும்பி சுரக்கிறது. தூசியைப் பிடித்துக்கொள்கிறது, நீர் ஊறாமல் தடுக்கிறது, கிருமிகளையும் கட்டுப்படுத்துகிறது. செவிக்குழாயின் தோல் உள்ளிருந்து வெளிநோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால், பழைய குறும்பி தானாகவே வெளியே வந்துவிடும். நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவதும் அதற்கு உதவுகிறது. குச்சியை விட்டால், வெளியே வர வேண்டியது உள்ளே போகிறது.

"பாட்டி காலத்திலிருந்து குடைகிறோமே, என்ன ஆகிவிட்டது?" என்று கேட்கலாம். பழக்கம் பழையதுதான். காதைக் குடையும் கருவிக்குக் 'குறும்பிவாங்கி' என்ற சொல்லே அகராதியில் இருக்கிறது. ஆனால் பழையது என்பதாலேயே ஒரு பழக்கம் நல்லதாகிவிடாது. பஞ்சுக் குச்சிப் பெட்டிகள் பலவற்றிலேயே காதுக்குள் நுழைக்க வேண்டாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். நாம்தான் படிப்பதில்லை.

நம் தலைமுறைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கிள்ளானில் கொமுட்டர் ஏறினால் கே.எல். சென்ட்ரல் வரை காதில் இயர்போன். இறங்கி பிரிக்பீல்ட்ஸ் வெயிலில் நடக்கும்போதும் அதே இயர்போன். நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அடைத்து வைத்த காது வேர்க்கிறது, அரிக்கிறது. உடனே விரல் நகமோ, கொண்டை ஊசியோ, மோட்டார் சைக்கிள் சாவியோ உள்ளே போகிறது. ஈரமான தோலில் கீறல் விழுந்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் எளிதில் தொற்றிக்கொள்ளும்.

மாணவ நண்பர்களே, செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குளித்தபின் வெளிக்காதைத் துண்டால் துடைத்தால் போதும். இயர்போனை அவ்வப்போது கழற்றிக் காதுக்குக் காற்றுப் பட விடுங்கள்; அதைத் துடைத்து வையுங்கள். காது அடைத்தாலோ, வலித்தாலோ, நீர் வடிந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு முன் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது ஆபத்து.

தேர்வு நேரத்தில் எத்தனையோ கவலைகள் இருக்கும். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் காதை நாமே கெடுத்து, அந்தக் கவலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.